பழுத்த இலையை வெட்டுவதா, விடுவதா?

வீட்டுச் செடியில் ஓர் இலை மஞ்சளானால் போதும், உடனே கத்தரிக்கோலைத் தேடுகிறவர்கள் ஒரு கட்சி. தானாக விழட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு கட்சி. என் ஓட்டு இரண்டாவது கட்சிக்குத்தான், ஆனால் இலை முழுசாகப் பழுக்கும் வரைக்கும் மட்டும்.

ஏனென்றால் அடி இலை பழுக்கும்போது செடி சும்மா இருப்பதில்லை. அதிலிருக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் எல்லாவற்றையும் உருவி, மேலே துளிர்க்கும் குருத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, பாதி பச்சையாக இருக்கும்போதே நறுக்கிப் போட்டால் அந்தச் சத்தும் சேர்ந்து குப்பைக்குத்தான் போகும். நீளமாக ஓடிய மணி பிளான்ட்டுக்கு ஓர் இலை போனால் ஒன்றும் ஆகாது. நாலே இலை வைத்திருக்கும் சின்னச் செடிக்கு அது பெரிய நஷ்டம்.

வெட்டுகிற கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழுக்க மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது, காய்ந்து பழுப்பான இலையால் செடிக்கு ஒரு பயனும் இல்லை. ஈரமண்ணில் விழுந்து அழுகினால் சாம்பல் பூஞ்சை வரும், குட்டி ஈக்களும் மொய்க்கும். அதனால் அந்தக் கட்டத்தில் எடுத்துவிடலாம். காம்பைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள்: பிரிய வேண்டிய இடத்தில் செடியே ஏற்கெனவே தனி அடுக்கு போட்டிருந்தால் கையோடு வந்துவிடும். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், தண்டின் தோலும் சேர்ந்து உரிந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.

நோய் என்றால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். மஞ்சள் வளையத்தோடு புள்ளிகள் பரவினால், மிச்ச இலை பச்சையாக இருந்தாலும் உடனே வெட்டி, கத்தரிக்கோலை 70% ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட் மாதிரிச் செடிகளில் நுனி மட்டும் கருகும். அதற்கு முழு இலையையும் பலி கொடுப்பது அநியாயம். இலையின் வடிவத்தை ஒட்டியே நுனியைக் கத்தரித்து, பழுப்பில் மெல்லிய ஒரு கோடு மட்டும் விட்டுவையுங்கள், பச்சைக்குள் வெட்டினால் அந்தப் புது விளிம்பும் காய்ந்து பழுப்பாகும்.

அப்புறம், ஒரே சமயத்தில் நாலைந்து இலைகள் மஞ்சளானால் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் பிரச்சினை வேரில். எத்தனை இலையை வெட்டினாலும், தண்ணீரைக் குறைக்காதவரை அடுத்த இலையும் பழுக்கத்தான் செய்யும்.