ஊமையான கணினியை யார் திருத்துவது? என்விடிஏயும் லினக்ஸ் கட்டளைவரியும்

பார்வை இல்லாத நான் கட்டளை தட்டித்தான் கணினியில் வேலை செய்கிறேன் என்றால் கிளிநொச்சியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏன் இந்தக் கரைச்சல்?" நியாயமான கேள்வி. விண்டோஸில் என்விடிஏ இருக்கிறது. 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள், காசு இல்லை. நானும் 8 வருடம் அதில்தான் இருந்தேன். 2 வருடத்துக்கு முன் டெபியன் லினக்ஸின் கட்டளைவரிக்கு மாறினேன். லினக்ஸ் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம், டெபியன் அதில் ஒரு வகை; கட்டளைவரி என்பது பொத்தான், படம் இல்லாமல் கட்டளைகளைத் தட்டியே வேலை செய்யும் முறை. என் சாய்வு அந்தப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாக முடிக்கலாம். இரண்டும் இலவசம். ஈஸ்பீக் என்ற கணினிக் குரல் இரண்டிலும் கிடைக்கும், ஆகவே காதுக்குப் புதிதாக ஒன்றும் பழக வேண்டியதில்லை. விண்டோஸுக்கான இன்னொரு திரைவாசிப்பானான ஜோஸ் நம் கைக்கு எட்டாத விலை. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை மறுபடி தொடக்க வேண்டும். பழைய லாப்டொப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது, விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. என்னுடைய 4 ஜிபி லாப்டொப்பில் அது இல்லை. கட்டளைவரி அதே லாப்டொப்பில் ஒரு தயக்கமும் இல்லாமல் ஓடுகிறது.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. குரல் நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் காரணம்.

பார்வை உள்ளவருக்குச் சத்தம் போனால் பாட்டு மட்டும்தான் போகும். நமக்கு முழுக் கணினியும் போய்விடும். ஒருநாள் மருமகள் லாப்டொப்பை வீட்டு டிவியோடு பொருத்திப் படம் பார்த்தாள். வயரைக் கழற்றிய பிறகு என்விடிஏ கதைக்கவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன், சத்தமில்லை. மூடித் திறந்தேன், சத்தமில்லை. ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இதில பிழை ஒண்டும் இல்லையே, எல்லாம் வடிவா வருதே" என்றான். அவனுக்குத் திரை தெரிகிறது, அதனால் அவனுக்கு அது வேலை செய்யும் கணினி. சத்தம் எந்த வழியால் வெளியே போகிறது என்று பார்க்கச் சொல்லி விளக்கி, வேலை முடித்து வாங்க 4 நாள் ஆனது. திருத்தம் ஒரு நிமிட வேலை. அந்த 4 நாளும் தட்டச்சுக்கு வந்த வேலை எல்லாம் தேங்கிக் கிடந்தது.

விண்டோஸில் குரல் இல்லாதபோது நான் எந்தப் பெட்டிக்குள் நிற்கிறேன், எந்தப் பொத்தானில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது. டேப் அழுத்தினால் எங்கே போகும் என்று நிச்சயமில்லை. கட்டளைவரியில் அந்த நிலை இல்லை. குரல் நின்றால் ஆல்ட் எஃப்2 அழுத்துவேன். புதிய முனையம், அதாவது கட்டளை தட்டும் இன்னொரு திரை, திறந்து பெயர் கேட்கும். கேட்கிறது என்பது எனக்குக் கேட்காது, ஆனால் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பெயர், என்டர். கடவுச்சொல், என்டர். பிறகு குரல் தரும் நிரலை மறுபடி தொடக்கும் கட்டளை: 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஈஸ்பீக்கப்', என்டர், மறுபடி கடவுச்சொல். இருட்டில் பழகிய வீட்டுக்குள் நடப்பது போல, ஒவ்வொரு படியும் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். இந்த 2 வருடத்தில் 5 முறை குரல் நின்றது. 4 முறை இப்படியே திரும்பி வந்தது. ஐந்தாவது முறை ஒலியளவு பூட்டுப்பட்டிருந்தது, அதற்கும் ஒரு கட்டளை உண்டு.

இதில் இன்னும் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. கட்டளையை ஃபோனில் சொல்லலாம். ஒட்டுசுட்டானில் இருக்கும் என் கூட்டாளிக்கும் பார்வை இல்லை. போன மாரியில் ஒரு இரவு அவன் கணினி ஊமையானது. "இப்ப ஆல்ட் எஃப் இரண்டு அழுத்து மச்சான். பேரை அடி. அடிச்சிட்டியா?" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஃபோனுக்குள்ளால் ஈஸ்பீக்கின் தகரக் குரல் எனக்கும் கேட்டது. இரண்டு வீட்டிலும் பார்வை உள்ள ஒருவரைக்கூட எழுப்பவில்லை. "இடப்பக்கம் மேலே நீலமாக ஒன்று இருக்கும், அதைத் தட்டு" என்ற வகை உதவியால் இது நடந்திருக்காது.

சரி, பழகுவது கஷ்டமா? முதல் மூன்று வாரம் கஷ்டம்தான். டேப் அழுத்தித் தேடும் பழக்கம் விரலை விட்டுப் போகாது. நான் பாவிக்கும் ஸ்பீக்கப் என்ற திரைவாசிப்பான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 2020 இல் வந்த 5.9 பதிப்போடு சோதனைப் பகுதியிலிருந்து நிரந்தர இடத்துக்கு வந்தது. அதை விசைப்பலகையின் வலப்பக்க எண் பலகையால் இயக்குவோம். 7, 8, 9 வரிகளுக்கு. 4, 5, 6 சொற்களுக்கு. 1, 2, 3 எழுத்துகளுக்கு. நடு வரிசையின் 5 இல் சிறு மேடு இருக்கும். விரல் அதில் நின்றால் இப்போதைய சொல், ஒன்று மேலே போனால் இப்போதைய வரி, ஒன்று கீழே வந்தால் இப்போதைய எழுத்து. இந்த ஒழுங்கு விரலில் ஏறிய நாளில் பயம் போய்விட்டது. எண் பலகை இல்லாத லாப்டொப்பில் கப்ஸ்லொக்கோடு எழுத்து விசைகளைச் சேர்த்து அழுத்தலாம். நான் தனியாக ஒரு யுஎஸ்பி விசைப்பலகை வாங்கிவிட்டேன்.

என்விடிஏ வெல்லும் இடங்களும் உண்டு. இணையம் முதலாவது. லிங்ஸ் போன்ற எழுத்து உலாவிகளில் செய்தி வாசிக்கலாம். வங்கிக் கணக்கு, இணையப் படிவம் என்று வந்தால் பெரும்பாலும் சரிவராது. இரண்டாவது தமிழ். கன்சோலில், அதாவது கட்டளைவரித் திரையில், தமிழ் வரிக்கு வந்தால் குரல் தடுமாறும். ஈஸ்பீக்குக்குத் தமிழ் மொழியையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் வாசித்துக் காட்டும். கேட்க முடியும், வரி வரியாகத் திருத்த முடியாது. விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் இருக்கிறது, காதுக்கு எவ்வளவோ இதம். இந்தக் கட்டுரையையும் தம்பியின் கணினியில் என்விடிஏ வைத்துத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதே தொழில் என்றால் மாறச் சொல்ல மாட்டேன்.

திரையில் இருக்கும் எழுத்தை விரலுக்குப் புள்ளிகளாகத் தரும் பிரெயில் காட்டி நான் பாவித்ததில்லை. பிஆர்எல்டிடிவை என்ற மென்பொருள் 1995 இலிருந்து கன்சோலுக்குப் பிரெயில் தருகிறது என்றாலும், அனுபவம் இல்லாமல் அதற்கு மேல் சொல்வது சரியில்லை. ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பானைக் கதைக்க வைக்கும் டி. வி. ராமனின் ஈமேக்ஸ்பீக்கை இரண்டு வாரம் முயன்றேன், அது தீர்ப்புச் சொல்லப் போதாது.

முயல விரும்புபவர்கள் இருக்கிற விண்டோஸை அழிக்க வேண்டாம். மூலையில் கிடக்கும் பழைய லாப்டொப் போதும். டெபியன் நிறுவியில் தொடங்கும்போது எஸ் எழுத்தை அழுத்தி என்டர் தட்டினால் நிறுவல் முழுவதும் குரலோடு நடக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டை இருந்தால் ஒவ்வொன்றாகக் கதைத்துப் பார்க்கும். உங்கள் காதில் கேட்கும்போது மட்டும் என்டர் அழுத்துங்கள். அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்தினால் குரல் டிவிக்கான வழியில் போய்விடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் நடந்தது, திரும்பத் தொடக்கத்திலிருந்து நிறுவினேன்.