வானொலியிலிருந்து வந்தவரா, மைதானத்திலிருந்து வந்தவரா?

பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ கால்பந்து நிகழ்ச்சியைத் தொகுத்தவர்களில் டெஸ் லைனம் பிரைட்டன் உள்ளூர் வானொலியில் பேசிப் பழகியவர். 1998 உலகக் கோப்பையில் இங்கிலாந்து–துனிசியா ஆட்டம் வேலைநாள் மதியத்தில் வந்தது. இந்நேரம் நீங்கள் வேலையில் இருக்க வேண்டாமா என்று கேட்டபடி ஒளிபரப்பைத் தொடங்கினார். ஒரே வரியில் பார்ப்பவரைக் கூட்டாளியாக்கிவிடும் அந்த லாவகம் வானொலி தந்த சொத்து என்றே நினைக்கிறேன்.

1999-இல் அவர் போட்டித் தொலைக்காட்சியான ஐடிவிக்குப் போக, அவர் இடத்துக்கு முன்னாள் வீரர் கேரி லினேகர் வந்தார். இங்கிலாந்துக்காக 48 கோல் அடித்தவர். 1992-இல் பிரேசிலுக்கு எதிராக பெனால்டியைத் தவறவிட்டவரும்கூட. அதனால் வீரர்களின் தவிப்பைப் பற்றி அவர் பேசினால் எடை அதிகம். 2025 வரை நீடித்தார்.

சரி, யார் உசத்தி? எனக்கு லைனம்தான். கால்பந்து ஆடிய நிபுணர்கள் தொகுப்பாளரின் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நம் சார்பில் கேட்க ஓர் ஆள் வேண்டும்.