மூன்று விரலில் நீளம், ஏழு விரலில் ஒட்ட வெட்டு: நகப் பராமரிப்பில் நெடுநாள் அனுபவம்

என் பத்து விரல் நகங்களும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. வலக்கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நகம் சதையைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நீண்டிருக்கும். அதே கையின் சுண்டுவிரலில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மற்ற ஏழு விரல்களிலும் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் நகம் வெட்ட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன் என்று நினைப்பதுண்டு. வீணை வாசிக்கிறேன் என்று சொன்னதும் பெரும்பாலோருக்குப் புரிந்துவிடும். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டே சமையல், அலுவலகத் தட்டச்சு, பார்லர், ஜெல் பாலிஷ், மருதாணி என எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்ததில் எவை நிலைத்தன, எவை கழிந்தன என்பதை இங்கே எழுதுகிறேன்.

வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளைச் சுட்டுவிரலும் நடுவிரலும் மீட்டுகின்றன. பக்கவாட்டில் உள்ள மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் கீழிருந்து மேலாகத் தட்டுகிறது. மீட்டுவதற்கு விரல் நுனியில் கம்பி மாட்டிக்கொள்வோர் உண்டு. சொந்த நகத்தாலேயே மீட்டுவோரும் உண்டு. கம்பியில் ஒலி பளிச்சென்று எழும், நகம் உடையும் கவலையும் கிடையாது. ஆனால் நகத்தால் மீட்டும்போது தந்தி எவ்வளவு அழுத்தத்தில் விடுபடுகிறது என்பது விரலுக்கு நேரடியாகத் தெரிகிறது. எனக்கு அந்தத் தொடுஉணர்வு இல்லாமல் வாசிப்பில் மனம் செல்வதில்லை என்பதால் நகத்தையே தேர்ந்தெடுத்தேன். நகம் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தந்தியில் முதலில் சதை பட்டு, பிறகுதான் நகம் படுகிறது, ஒலி மழுங்கிவிடுகிறது. மூன்றைத் தாண்டினால் நகம் தந்தியில் தங்கி, தானம் என்னும் வேகமான மீட்டல் பகுதியில் விரல் பின்தங்குகிறது. ஆக, எனக்கு உகந்த நீளம் என்பது இந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் அடங்கியது. இடக்கைக்கு நேர் எதிரான சட்டம்: சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காகத் தந்தியை, வீணைத் தண்டில் பதித்த உலோகப் பட்டையான மெட்டின் மீது பக்கவாட்டில் இழுக்கும்போது நகம் சிறிதும் குறுக்கே வரக்கூடாது. அந்தக் கையில் நகம் வளர்ந்திருப்பதைக் கண்ணுக்கு முன்பே காது கண்டுபிடித்துவிடும்.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் மீட்டும் விரல்களின் நீளத்தைச் சரியாக வைத்திருக்க வாரம் ஒருமுறையாவது முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்தாக வேண்டும். இந்த வேலைக்கு நகவெட்டி ஒத்துவராது. கெராட்டின் என்ற புரதத்தாலான நகம் பல மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருக்கிறது. நகவெட்டியின் இரு அலகுகளும் இரு பக்கமிருந்தும் நசுக்கும்போது அந்த அடுக்குகள் விளிம்பில் விலகிப்போகின்றன. வெட்டிய நாளில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் அந்த விளிம்பை வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பார்த்தால் வெள்ளையான ஒரு கோடும், அதன் மேல் தாள் போல உரிந்து நிற்கும் சிறு படலமும் தெரியும். அந்தப் படலம் தந்தியில் பட்டால் ஒவ்வொரு மீட்டலிலும் ஒரு கரகரப்பு சேரும். சொரசொரப்பான தாள் ஒட்டிய சாதாரண அரமும் இதையே சற்று மெதுவாகச் செய்கிறது. கண்ணாடி அரத்துக்கு மாறிய பிறகுதான் இந்த உரிதல் ஏறக்குறைய நின்றது. அதன் பரப்பு மிக நுண்ணியது. தண்ணீரில் கழுவி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். கீழே போட்டால் உடையும் என்பது மட்டுமே குறை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில், நகம் முற்றிலும் உலர்ந்திருக்கும்போது தேய்க்க வேண்டும். ஒட்ட வெட்டும் ஏழு விரல்களுக்கோ குளித்து முடித்த கையோடு நகவெட்டியைப் பயன்படுத்துகிறேன். நகம் நீரில் மென்மையாகியிருப்பதால் தெறிக்காமல் வெட்டுப்படுகிறது. வெள்ளிக்கிழமையிலும் விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டக்கூடாது என்று வீட்டில் சொல்லும் விதியை நானும் கடைப்பிடிக்கிறேன். சாஸ்திரம் எப்படியோ, மங்கலான வெளிச்சத்தில் தரையில் தெறித்த நகத்துண்டைத் தேடுவது எளிதான வேலையன்று.

நீள நகத்துக்கு உண்மையான பகை தந்தியன்று, தண்ணீர்தான். நகம் நீரை உறிஞ்சி ஊதும், காயும்போது சுருங்கும். ஒரு நாளில் இது பலமுறை நடந்தால் அடுக்குகளின் பிணைப்பு தளர்ந்துவிடும். பாத்திரம் கழுவும்போது ரப்பர் கையுறை அணியத் தொடங்கியது, நான் வாங்கிய எந்த நெயில் பாலிஷையும்விட அதிகப் பலன் தந்தது. தேங்காய் துருவுவதையும் சப்பாத்தி மாவு பிசைவதையும் வலக்கை விரல்களை மடக்கி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் செய்யப் பழகிக்கொண்டேன். சின்ன வெங்காயம் உரிக்கும்போது மட்டும் நீள நகம் கைகொடுக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டச்சில் பெரிய தொல்லை இல்லை. திறன்பேசியில்தான் விரலைச் சற்றுப் படுக்கவைத்துத் தொட வேண்டியிருக்கிறது. திரை சதையின் மின்கடத்தும் தன்மையை உணருமே தவிர நகத்தை உணராது.

பார்லரில் செய்யும் வழக்கமான மேனிக்யூரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து செய்துகொண்டிருந்தேன். வெந்நீரில் கையை ஊறவைத்து, நகம் முளைக்கும் இடத்தில் உள்ள தோலைத் தள்ளி, ஓரங்களைக் கத்தரித்து, தேய்த்து, பிசைந்துவிட்டு, கடைசியில் பாலிஷ் பூசுவார்கள். கை பிசைந்துவிடும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே பணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. மற்றவற்றில் எனக்கு மாறுபாடு உண்டு. நீரில் ஊறி ஊதிய நகத்தின் மேல் பூசிய பாலிஷ், நகம் காய்ந்து சுருங்கும்போது விரிசல் விட்டு, இரண்டு மூன்று நாள்களில் நுனியில் பெயர்ந்துவிடுகிறது. ஊறவைக்காமல் செய்யும் உலர் மேனிக்யூரைக் கேட்டு வாங்கினால் அதே பாலிஷ் ஒரு வாரம் நிற்கிறது. ஒவ்வொரு முறையும், “இந்த ரெண்டையும் வெட்டிச் சமமாக்கிடவா, அக்கா?” என்ற கேள்விக்கு, “வேண்டாம்மா, அதை மட்டும் தொடாதே” என்று சொல்லிவைப்பது தனி வேலை.

தோலைக் கத்தரிப்பதுதான் இதில் தவிர்க்க வேண்டியது. நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தோல் அழகுக்கு இடையூறாகத் தோன்றினாலும், நகம் உருவாகும் இடத்துக்குள் கிருமிகள் புகாமல் அடைத்துவைப்பது அதுவே. அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர் சங்கமும் அதை வெட்ட வேண்டாமென்றே அறிவுறுத்துகிறது. ஒரு பார்லரில் ஓரத்தோலை ஆழமாகக் கத்தரித்துவிட்டதில் எனக்கு நடுவிரலில் நகச்சுற்று வந்தது. அக்கம்பக்கத்தினர் சொன்னபடி எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகிக்கொண்டதில் குளிர்ச்சியாக இருந்ததே தவிர, உள்ளே கட்டிய சீழ் அதற்கு அசையவில்லை. மருத்துவர் கீறி எடுத்த பிறகுதான் விண்விண்ணென்ற வலி அடங்கியது. அதன்பின், குளித்து முடித்ததும் துண்டின் முனையால் மெதுவாகப் பின்னே தள்ளுவதோடு சரி. இரவில் விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து நகக்கண்களில் தேய்க்கிறேன். சிறு குப்பியில் விற்கும் விலையுயர்ந்த எண்ணெய்களையும் பயன்படுத்தியிருக்கிறேன். வாசனையிலும் பிசுபிசுப்பிலும்தான் வேறுபாடு கண்டேன்.

ஜெல் பாலிஷைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் மேல் எனக்கு வெறுப்பும் இல்லை, காதலும் இல்லை. மீட்டும் விரல்கள் அடிக்கடி உடைந்த ஒரு காலத்தில் அந்த விரல்களுக்கு மட்டும் நிறமற்ற ஜெல் போட்டுக்கொண்டேன். சாதாரண பாலிஷ் கரைப்பான் ஆவியாவதால் காய்கிறது. ஜெல்லோ புறஊதா விளக்கின் ஒளியில் வேதிவினை நிகழ்ந்து இறுகுகிறது. ஆகவே அது பெயராமல் இரண்டு மூன்று வாரம் நிற்கும், நகத்துக்கு விறைப்பும் தரும். வீணையில் அதன் ஒலி நன்றாகவே இருந்தது, கம்பிக்கும் நகத்துக்கும் நடுவில் ஒரு தெளிவு கிடைத்தது. தொல்லை இரண்டு இடங்களில் தலைகாட்டியது. நகம் வளர வளர அடியில் ஜெல் இல்லாத இடைவெளி பெருகி, விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் இடத்தில் அழுத்தம் சேர்ந்தது. அதைவிடப் பெரிய தொல்லை நீக்குவதில்தான். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சுரண்டினால் ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அப்படி மெலிந்த நகம் முழுதாக வளர்ந்து வெளியேற ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். அதுவரை அந்த விரலுக்குக் கம்பிதான் கதி.

ஜெல் போடுவோர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு இரண்டு செய்திகளும் உண்டு. இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அதிலுள்ள அக்ரிலேட் வகைப் பொருள்களுக்கு ஒவ்வாமை ஏற்படக்கூடும். ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரலாம், அதே வகைப் பொருள்கள் பல் அடைப்பு முதலான மருத்துவப் பயன்பாட்டிலும் வருகின்றன. வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் தொகுப்புகளை நான் வாங்காததற்குக் காரணம் இதுவே, இடக்கையால் வலக்கைக்குப் பூசும்போது தோலில் வழியாமல் இருக்காது. ஜெல்லை இறுகச் செய்யப் பல தயாரிப்புகளில் சேர்க்கப்பட்டுவந்த டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடைசெய்திருக்கிறது. எனவே குப்பியின் சீட்டைப் படித்துவிட்டுப் போடுவது நல்லது.

சாதாரண பாலிஷ் மீட்டும் விரல்களில் ஒரு நாள்கூடத் தாங்காது. நுனியில் தந்தி அதைச் சுரண்டிவிடுகிறது, அடர்நிறமாக இருந்தால் தந்தியிலும் தீற்றிக்கொள்கிறது. மற்ற விரல்களுக்கு எனக்குப் பிடித்தது வெளிர் பழுப்பும் மங்கிய ரோஜாவும்தான். பெயர்ந்தாலும் தூரத்திலிருந்து தெரியாது. நுனியில் மட்டும் வெள்ளை தீட்டும் பிரெஞ்சு மேனிக்யூர் சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து உண்பவர்களுக்கு ஏற்றதன்று. முதல் வேளை உணவிலேயே வெள்ளை மஞ்சளாகிவிடும். வெயிலில் கொஞ்ச நேரம் கையை நீட்டியிருந்தால் மஞ்சள் கறை வெளிறும் என்பது உண்மைதான், ஆனாலும் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது? செவிலியராகப் பணிபுரியும் என் தங்கைக்கு இந்தச் சிந்தனையே இல்லை. நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிவோர் செயற்கை நகம் வைக்கக்கூடாது, சொந்த நகத்தின் நுனியும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுக் கைத்தூய்மை வழிகாட்டுதல் கூறுகிறது. அவள் அதற்கும் மேலே போய் எல்லா விரலிலும் ஒட்ட வெட்டிவிடுவாள்.

நிறம் என்ற ஒன்றில் நான் கடைசியாக வந்து நின்றது மருதாணியில். இலையிலுள்ள லாசோன் என்ற நிறமி கெராட்டினோடு பிணைந்துகொள்வதால் நகத்தின் மேல் எந்தப் படலமும் சேர்வதில்லை. பெயர்வதற்கு ஒன்றுமில்லை, தந்தி சுரண்டுவதற்கும் ஒன்றுமில்லை, ஒலியும் மாறுவதில்லை. உள்ளங்கைச் சிவப்பு பத்து நாளில் மங்கினாலும் நகத்துச் சிவப்பு வளர்ந்து வெளியேறும் வரை நிற்கிறது. ஆடியில் வைத்த மருதாணி தீபாவளி வருவதற்குள் நகத்தின் பாதிக்கு ஏறி, அடியில் வெளிறிய பிறைபோல் புதுநகம் வந்திருக்கும். நடுவிரலில் அந்தப் பிறை பெரிதாகவும் கட்டைவிரலில் சிறிதாகவும் இருப்பதைக் கவனித்தால் எந்த விரல் வேகமாக வளர்கிறது என்பது தானே விளங்கும். எந்த விரலை அடுத்துத் தேய்க்க வேண்டும் என்பதை நான் இந்தப் பிறையைப் பார்த்தே முடிவு செய்கிறேன். இந்த இரண்டுங்கெட்டான் நிறம் சிலருக்குப் பிடிக்காது, எனக்கு அது ஒரு பொருட்டன்று. அரைத்த பச்சை இலையையே வைக்கிறேன். உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கூம்புகளில் முடிச்சாயத்தில் இடும் பிபிடி கலந்திருக்கக்கூடும், அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும் என்பதால் அவற்றை வீட்டுக்குள் விடுவதில்லை.

நகம் உறுதியாக வேண்டுமென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சில மாதம் சாப்பிட்டேன். கையுறையும் கண்ணாடி அரமும் ஏற்கெனவே செய்த வேலையைத் தாண்டி அது எதையும் கூட்டியதாக எனக்குத் தெரியவில்லை. அதை உட்கொள்வோர் தைராய்டு போன்ற இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது மறவாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பயோட்டின் அந்தச் சோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடியது.

வீணை கற்கத் தொடங்குவோர் முதலில் இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, வலக்கையின் இரண்டு விரல்களை இரண்டு மாதமாவது வளரவிட்டுப் பார்க்கலாம். இயல்பிலேயே நகம் தாள் போல் வளைபவர்கள் ஜெல்லுக்குப் பணம் செலவழிப்பதைவிட நேரே கம்பிக்குப் போவது நல்லது. நகத்தால் மீட்டுவோரும் ஒரு கம்பியை வீணை உறைக்குள் போட்டுவைத்திருக்க வேண்டும், கச்சேரிக்கு முந்தைய நாள்தான் நகம் உடையும்.