லிட்டிலஸ்ட் ஜூப்பிட்டர்ஹப்: சேலத்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஒத்துவருமா?

ஒரே சர்வரை ஒரு துறையின் ஆய்வு மாணவர்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள, செலவில்லாமல் கிடைப்பதில் லிட்டிலஸ்ட் ஜூப்பிட்டர்ஹப் என்ற மென்பொருளையே முதலில் பரிந்துரைப்போம். உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) உள்ள மெஷினில் ஒரே கட்டளையில் நிறுவலாம். மாணவர் பிரவுசரைத் திறந்தால் பைத்தான் தயார். 100 பேர் வரைக்கும் என்று உருவாக்கியவர்களே வரம்பு சொல்கிறார்கள். ஒரு துறைக்கு அது தாராளம்.

ஆனால் நிறுவிய கையோடு மாணவர்களை உள்ளே விட்டுவிடாதீர்கள். ஆளுக்கு இவ்வளவு மெமரி என்ற கட்டுப்பாடு தொடக்கத்தில் கிடையாது; நாம்தான் போட வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் பசுமையை சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் 10 மீட்டரைக் காட்டும் பேண்ட் (ஓர் ஒளி நிறத்துக்கான படம்) ஒன்று 10,980க்கு 10,980 பிக்சல்; 16 பிட்டில் சுமார் 240 எம்பி. அதை 64 பிட்டாக மாற்றினால் 960 எம்பியைத் தாண்டிவிடும். சிவப்பு, அகச்சிவப்பு, விடை என மூன்றுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2.9 ஜிபி. மூன்று பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால் 8 ஜிபி சர்வர் படுத்துவிடும், எல்லோருக்கும். 2 ஜிபி வரம்பு இருந்தால் மீறியவருடைய கெர்னல் (அவருடைய பைத்தானை ஓட்டும் நிரல்) மட்டும் நின்று மறுபடி தொடங்கும். படம் முழுவதையும் இழுக்காமல், ராஸ்டீரியோ என்ற பைத்தான் தொகுப்பில் மலைப்பகுதியை மட்டும் விண்டோவாக, அதாவது ஒரு துண்டாக, படித்து 32 பிட்டில் கணக்கிட்டால் அந்த 2 ஜிபியே தாராளம். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பயன்படுத்தாமல் சும்மா இருக்கும் மாணவரின் அமர்வை 10 நிமிடத்தில் மூடிவிடுவது இதன் இயல்பு. மெமரி மிச்சமாகும், சரி. பிரவுசரை மூடிவிட்டு நீண்ட கணக்கீட்டை ஓடவிடுபவருக்கு அது ஆபத்து. ஒரு மணி நேரமாக்குவது நல்லது.

ஆளுக்கு இவ்வளவு டிஸ்க் இடம் என்ற வரம்பு இதில் இல்லாததுதான் பெரிய குறை. ஒருவர் படங்களாக இறக்கிக் குவித்து டிஸ்க் நிரம்பினால், ஹப்பின் டேட்டாபேஸும் எழுத இடமில்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. மாணவர்களின் ஹோம் ஃபோல்டர்களை டிஸ்க்கின் தனிப் பகுதியில் (பார்ட்டிஷன்) வைத்து, ஆளுக்கு இடவரம்பு போடும் லினக்ஸ் கோட்டாவையும் போடுங்கள். பொதுப் படங்களுக்கு, மாணவர்கள் படிக்க மட்டும் முடிகிற ஒரே ஃபோல்டர் போதும்.

கடவுச்சொல்லிலும் கவனம்: அட்மின் சேர்த்த பெயரில் முதலில் நுழைபவர், அது யாராக இருந்தாலும், எதை அடிக்கிறாரோ அதுவே கடவுச்சொல்லாகிவிடும். சேர்த்த அன்றே மாணவரை உட்காரவைத்து நுழையச் சொல்லுங்கள்.

பல சர்வர்களை இணைத்து ஓட்டும் வேலைக்கு இது ஆகாது. அதற்குத் திருச்சி என்ஐடியில் 2022இல் தொடங்கிய 838 டெராஃபிளாப் (கணிப்பு வேக அளவு) திறனுள்ள ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டர் போன்ற மெஷினில்தான் இடம் கேட்க வேண்டும்.