பார்மட் பண்ணாமலே முடிச்சு குடுத்தாங்க, 4 ஸ்டார்

கல்யாண ஆல்பம் டிசைன் பண்றது என் தொழில். வீட்லயே ஒரு ரூம்ல சிஸ்டம் போட்டு ஓட்டிட்டு இருக்கேன், ஏழாவது ஜெனரேஷன் ஐ7, விண்டோஸ் 10, உள்ள ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், அது போக பேக்கப்புக்குன்னு ரெண்டு 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் எப்பவும் சொருகியே கிடக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருக்கற இந்த மாடி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன்றத சொன்னாதான் ரிவ்யூ புரியும், கொஞ்சம் நீளமா போகும், அவசரத்துல இருக்கறவங்க கடைசி ரெண்டு பாராவ மட்டும் படிச்சுக்கோங்க.

மார்கழி மாசம் பையன் செமஸ்டர் லீவுக்கு வந்தான், கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். வந்தவன் சும்மா இருப்பானா, "அப்பா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நிறுத்திட்டாங்க, உங்க ப்ராசஸருக்கு 11 கிடையாது, லினக்ஸ் பழகிக்கோங்க"ன்னு ஒரே பிரசங்கம். எனக்கு போட்டோஷாப் இல்லாம பொழப்பு ஓடாதுடான்னு சொன்னேன். சரி உங்க விண்டோஸ தொடல, என் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டில போட்டுக்கறேன், ரெண்டும் ஒரே மெஷின்ல இருக்கும், ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும்னான். போட்டான். மூணு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு, ராத்திரி அவன் லினக்ஸ், பகல்ல நான் விண்டோஸ்.

ஒரே ஒரு கோளாறு, காலைல 9 மணிக்கு சிஸ்டம் ஆன் பண்ணா கடிகாரம் 3:30ன்னு காட்டும். சரி பண்ணி வைப்பேன், மறுநாள் திரும்ப அதே கதை. வீட்டுக்கு பக்கத்துல ஒரு சர்வீஸ் கடை இருக்கு, பேர் வேணாம், அவங்கள கேட்டா போர்டுல பேட்டரி வீக்குன்னு சொல்லி அந்த வட்ட பேட்டரிய மாத்திட்டு 250 வாங்கிட்டாங்க. ரெண்டு நாள் பையன் ஊர்ல இல்ல, டைம் கரெக்டா இருந்துச்சு, ஆஹா பேட்டரிதான்னு நானும் நம்பிட்டேன்.

பொங்கல் முடிஞ்சு பையன் எஸ்எஸ்டிய பிடுங்கி பைல போட்டுட்டு ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிட்டான். தை பிறந்தாச்சு, முகூர்த்தம் வரிசையா நிக்குது, திங்கக்கிழமை காலைல சிஸ்டம் ஆன் பண்றேன், கருப்பு ஸ்க்ரீன்ல ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்குன்னு நிக்குது, அவ்ளோதான், அஞ்சு நிமிஷம் ஆனாலும் அதே கோடு. எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெண்டையும் பிடுங்கிட்டு ஆன் பண்ணா வேற ஸ்க்ரீன், மேல ஏதோ ரெண்டு வரி இங்கிலீஷ், கீழ க்ரப்னு போட்டு ஒரு அம்புக்குறி. விண்டோஸ காணோம். பையனுக்கு போன் போட்டு "என்னடா பண்ணி வச்சிருக்க"ன்னா, "அப்பா சத்தியமா உங்க டிஸ்க்க நான் தொடல, எல்லாம் என் எஸ்எஸ்டிலதான் போட்டேன், அது மட்டும் இல்ல, இங்க என் லேப்டாப்ல அத சொருகினா எனக்கும் பூட் ஆகல"ன்னு அவன் ஒரு பக்கம் புலம்பறான்.

பழைய கடைக்கே தூக்கிட்டு போனேன். பாத்த ரெண்டாவது நிமிஷத்துல "விண்டோஸ் கரப்ட் சார், பார்மட் பண்ணி புதுசா போடணும், 1500, டேட்டா எடுக்கணும்னா தனியா 2500"ன்னாங்க. உள்ள பதினோரு கல்யாணம் இருக்கு, அதுல ரெண்டுக்கு பேக்கப்பே எடுக்கல (என் தப்புதான், திட்டாதீங்க). சரின்னு வாய் வரைக்கும் வந்துச்சு, என்னமோ தோணி மெஷின தூக்கிட்டு வந்துட்டேன். அப்பறம் கூட தொழில் பண்ற ஒருத்தர்தான் இந்த கடை நம்பர் குடுத்தார். போன்ல விஷயத்த சொன்னதும் அந்த தம்பி கேட்ட முதல் கேள்வியே "பிரச்சனைக்கு முன்னாடி சிஸ்டத்துல என்னென்ன சொருகி இருந்துச்சோ அத்தனையும் கொண்டு வாங்க சார், வெறும் சிபியு மட்டும் தூக்கிட்டு வராதீங்க"ன்னுதான். அப்பவே ஒரு நம்பிக்கை வந்துச்சு.

கடைல ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சாங்க, அது தனி கதை. என் முறை வந்ததும் டிஸ்க் எதையும் சொருகாம ஆன் பண்ணார், அந்த க்ரப் ஸ்க்ரீன் வந்துச்சு, கீபோர்ட இழுத்து எக்ஸிட்னு நாலெழுத்து அடிச்சு என்டர் தட்டினார். விண்டோஸ் வந்துருச்சு. என் வால்பேப்பர், என் ஃபோல்டர், எல்லாம் அப்படியே. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல, இதுக்கா 4000 ரூபா கேட்டாங்க.

அப்பறம் அவர் சொன்ன விளக்கம்தான் இந்த கடைக்கு நான் ஸ்டார் போடறதுக்கே காரணம். விண்டோஸ் இருக்கற டிஸ்க்ல கண்ணுக்கு தெரியாத ஒரு சின்ன பார்ட்டிஷன், அதாவது தனியா பிரிச்சு வச்ச பகுதி இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி, மெஷின ஆன் பண்ணா பயாஸ் (ஆன் ஆனதும் முதல்ல ஓடற மெஷினோட சொந்த புரோகிராம்) முதல்ல அங்க போய்த்தான் ஸ்டார்ட் பண்ற பைல தேடும். பையன் லினக்ஸ வெளி எஸ்எஸ்டில போட்டது நிஜம்தான், ஆனா எஸ்எஸ்டில அந்த மாதிரி ஒரு சின்ன பார்ட்டிஷன் அவன் பண்ணாததால, ஸ்டார்ட் பண்ற பைல் மட்டும் என் உள் டிஸ்க்ல இருந்த அந்த 100 எம்பிக்குள்ள போய் உக்காந்துருச்சு. "பையன் கடை போர்ட உங்க வீட்ல மாட்டிட்டு கடைய தூக்கிட்டு கோயம்புத்தூர் போயிட்டார் சார்"னார். போர்ட பாத்து மெஷின் உள்ள வருது, உள்ள கடைய காணோம், அதான் லினக்ஸ ஸ்டார்ட் பண்ற அந்த க்ரப் புரோகிராம் முழிச்சுட்டு நிக்குது. அங்க ஹாஸ்டல்ல கடை இருக்கு போர்டு இல்ல, அதனால லேப்டாப்புக்கு அப்படி ஒரு லினக்ஸ் இருக்கறதே தெரியல. ரெண்டு ஊர் பிரச்சனையும் ஒரே பிரச்சனை! எக்ஸிட்னு அடிச்சா "நான் விலகிக்கறேன், அடுத்தவன கூப்பிடு"ன்னு பயாஸ்கிட்ட திருப்பி குடுத்துரும், லிஸ்ட்ல அடுத்து விண்டோஸ் இருந்ததால அது வந்துச்சு.

அப்ப அந்த மினுக்கற கோடு? பையன் தன் எஸ்எஸ்டி முதல்ல பூட் ஆகட்டும்னு பயாஸ்ல யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்க முதல் இடத்துல வச்சிருக்கான். அவன் எஸ்எஸ்டி போனதும் அந்த இடத்துக்கு என் பேக்கப் டிஸ்க் வந்துருச்சு, வெறும் போட்டோ இருக்கற டிஸ்க்ல பூட் பண்ண என்ன இருக்கும், மெஷின் அதையே பாத்துட்டு நின்னுருச்சு. வெளி டிஸ்க் சொருகி இருந்தா மட்டும் சிஸ்டம் ஆன் ஆகல, பிடுங்கினா ஆகுதுன்னு யாருக்காவது இருந்தா முதல்ல இந்த பூட் ஆர்டர பாருங்க, டிஸ்க் போச்சுன்னு பயப்படாதீங்க.

கை வைக்கறதுக்கு முன்னாடி "பிட்லாக்கர் ஆன்ல இருக்கா"ன்னு செக் பண்ணார், அது டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. எனக்கு இல்ல. இருந்திருந்தா பயாஸ்ல கைய வச்சதும் 48 நம்பர் ரெகவரி கீ கேட்டு நிக்குமாம், அது எங்க இருக்குன்னே நிறைய பேருக்கு தெரியறதில்லயாம், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேவ் ஆகியிருக்கும், முதல்ல அத எடுத்து பேப்பர்ல எழுதி வச்சுட்டுதான் பயாஸ்குள்ள போகணும்னார். புது விண்டோஸ் 11 லேப்டாப் வச்சிருக்கறவங்க இத கண்டிப்பா பாருங்க, நிறைய லேப்டாப்ல நீங்க கேக்காமலே அது ஆன் ஆகி வரும். அப்பறம் விண்டோஸ் பூட் மேனேஜர மேல ஏத்தினார், யுஎஸ்பிய லிஸ்ட்ல கடைசிக்கு தள்ளினார். எஸ்எஸ்டில பூட் பண்ணணும்னா ஆன் பண்ணும்போது எஃப்12 தட்டி அந்த ஒரு தடவைக்கு மட்டும் செலக்ட் பண்ணிக்கோங்கன்னார் (என் மதர்போர்டுக்கு எஃப்12, அசூஸ் மதர்போர்டுன்னா எஃப்8, எம்எஸ்ஐக்கு எஃப்11, ஹெச்பின்னா எஃப்9). மெஷின் எந்த முறைல பூட் ஆகணும்னு பயாஸ்ல லெகசி, யுஇஎஃப்ஐன்னு ஒரு செட்டிங் இருக்கும், அத மட்டும் யார் சொன்னாலும் மாத்தாதீங்க, அத மாத்திட்டு விண்டோஸ் போச்சுன்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்கன்னு தலைல அடிச்சுக்கிட்டார்.

பேட்டரி கதைய சொன்னதும் சிரிச்சார். "சரியா அஞ்சரை மணி நேரம் குறையுது பாருங்க சார், பேட்டரி போயிருந்தா வருஷமே மாறி எங்கயோ பழைய தேதிக்கு போயிருக்கும்"னார். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலக நேரத்த எழுதும், விண்டோஸ் அதயே உள்ளூர் நேரம்னு படிக்கும், நமக்கு வித்தியாசம் அஞ்சரை. 250 ரூபா போச்சு. அதுக்கு லினக்ஸ்ல ஒரே வரி கமாண்ட், பையனுக்கு வாட்ஸப்ல அனுப்பிட்டார்.

பையன ஸ்பீக்கர்ல போட்டு பத்து நிமிஷம் பேசினார், அதுக்கு காசு வாங்கல. எஸ்எஸ்டில ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் பண்ணு, பென்டிரைவ்லருந்தே லினக்ஸ லைவா பூட் பண்ணி உள்ள போய் க்ரப்ப ரிமூவபிள்ன்ற ஆப்ஷனோட திரும்ப போடு, அப்பதான் எந்த மெஷின்ல சொருகினாலும் பயாஸ் பொதுவா பாக்கற இடத்துல பைல் இருக்கும், இல்லன்னா பைல் எங்க இருக்குன்ற குறிப்பு அந்தந்த மெஷின் மெமரிலதான் இருக்கும்னார். அது சரியாகற வரைக்கும் என் டிஸ்க்ல இருக்கற பைல அழிக்காம விட்டார், அது எனக்கு பிடிச்சுது, அவசரப்பட்டு தூக்கி போடல. பையன் அந்த வாரமே போட்டுட்டான், பூட் ஆச்சு, ஆனா ஒன்றரை நிமிஷம் நின்னு அப்பறம் எமர்ஜென்சி மோடுன்னு வந்துச்சாம். பாத்தா லீவுல இருந்தப்ப என் பேக்கப் டிஸ்க்க ஸ்டார்ட் ஆகும்போதே மவுண்ட் பண்ணணும்னு, அதாவது தானா இணைக்கணும்னு, ஒரு லிஸ்ட்ல எழுதி வச்சிருக்கான், டிஸ்க் சென்னைல, அவன் கோயம்புத்தூர்ல, மெஷின் 90 செகண்ட் அத தேடிட்டு கைய விரிச்சுருது. நோஃபெயில்னு ஒரு வார்த்தைய அந்த வரில சேத்ததும் சரியாச்சு. இதையும் போன்லதான் கேட்டான், அந்த தம்பி எடுத்து பதில் சொல்லியிருக்கார்.

இன்னும் சின்ன சின்னதா சில விஷயம். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப ஆஃப் பண்ணி விட்டார், அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் பாதி தூக்கத்துலதான் இருக்குமாம், லினக்ஸ்லருந்து அந்த டிரைவ்ல எழுத முடியாது, பையனும் இத முன்னாடியே புலம்பினான். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டு மறைஞ்சு மறைஞ்சு வந்துச்சு, சிபியு முன்பக்க யுஎஸ்பி போர்ட்ல கரண்ட் பத்தலன்னு பின்னாடி நீல யுஎஸ்பி போர்ட்ல சொருகினார், நின்னுருச்சு.

குறையும் சொல்லணும். முதல் மாடி, படி ரொம்ப குறுகல், சிபியுவ கட்டிப்பிடிச்சுட்டு ஏறும்போது எதிர்ல ஒருத்தர் மானிட்டரோட இறங்கினா முடிஞ்சுது. உக்கார ரெண்டே ஸ்டூல். பில் கேட்டா துண்டு சீட்டுலதான் எழுதி தர்றாங்க, கம்பெனி கணக்குக்கு ஜிஎஸ்டி பில் வேணும்னா முன்னாடியே கேட்டுக்கோங்க. பேசறதும் கொஞ்சம் வெடுக்குதான், "பேக்கப் இல்லாம எப்படி சார் தொழில் பண்றீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார், பக்கத்துல இருந்த காலேஜ் பசங்க சிரிச்சானுங்க. யுஎஸ்பி கேபிள் ஒண்ணு 350க்கு குடுத்தார், ஆன்லைன்ல கம்மியா கிடைக்கும், கேபிள அங்க வாங்காதீங்க. வேலைக்கு வாங்கினது 400, அதுக்கு மேல ஒரு ரூபா கேக்கல.

வண்டில போகாதீங்க, பார்க்கிங்னு ஒண்ணு அந்த தெருவுல கிடையாது. அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கி நடக்கற தூரம்தான், சிபியு இருந்தா ஆட்டோ பிடிச்சு தெரு முனைல இறங்கிக்கோங்க. ஞாயித்துக்கிழமை லீவு, மத்தியானம் 2 மணிக்கு சாப்பாட்டுக்கு ஷட்டர பாதி இறக்கிருவாங்க, 11 மணிக்குள்ள போயிட்டா கூட்டம் கம்மி. போகும்போது சார்ஜர், கேபிள், வெளி டிஸ்க், பென்டிரைவ் எல்லாத்தையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு போங்க, இல்லன்னா திருப்பி அனுப்பிருவார், என் கண்ணு முன்னாடியே ரெண்டு பேர அனுப்பினார்.