56 முட்டை இன்குபேட்டர்: நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு எடுபடுமா?

மாசி பிறந்ததும் செங்குன்றம், பொன்னேரி, உத்திரமேரூர் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் குஞ்சு எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மாசி முதல் வாரம் அடை வைத்தால் அந்த மாதக் கடைசியில் குஞ்சு வரும். அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது அதற்கு எட்டு வாரம் ஆகியிருக்கும். வெயிலைத் தாங்க உடம்பில் தெம்பும் இருக்கும், கோடையில் கூட்டத்தோடு அள்ளிப்போகும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டிருக்கலாம். அடைக்கோழியை மட்டும் நம்பினால் ஒரு கோழி 10, 12 முட்டைக்கு மேல் மூடாது. அடை, குஞ்சு வளர்ப்பு என்று ஏறக்குறைய மூன்று மாதம் முட்டையும் இடாது.

அதனால்தான் அடைக்கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்கும், மேசைமேல் வைக்கும் 56 முட்டை இன்குபேட்டருக்குச் சென்னையில் இவ்வளவு கிராக்கி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி, மூடியில் ஹீட்டரும் சிறு மின்விசிறியும், அடியில் இரண்டு தண்ணீர்க் கால்வாய், முட்டையை உருட்ட முன்னும் பின்னும் நகரும் சட்டம். பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருப்பது அநேகமாக ஒரே சரக்குதான். வாங்கலாம், கொடுத்த காசுக்கு வேலை செய்யும். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் முட்டையை அடுக்கக் கூடாது.

முதல் குறை சென்சார். திரையில் 37.8 என்று காட்டும்போது உள்ளே 38.6 இருக்கலாம், 37 கூட இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க வீட்டிலிருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டரே போதும். பாதரச வகை என்றால் இன்னும் நல்லது, ஏறிய உச்ச அளவை அப்படியே பிடித்து வைத்திருக்கும். காலி இன்குபேட்டரை ஒரு நாள் ஓடவிட்டு, முட்டை இருக்கும் மட்டத்தில் தெர்மாமீட்டரை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 99.5, வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் செட் பட்டனை அழுத்திப் பிடித்து, திருத்த அளவுக்குரிய 'சிஏ' பக்கத்துக்குப் போய்ச் சரிசெய்யலாம். நான்கு மூலையிலும் வைத்துப் பார்ப்பது நல்லது. மூலைக்கு மூலை அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் விசிறி மந்தமாகச் சுற்றுகிறது, அந்தப் பெட்டியை அப்போதே மாற்றிக் கேளுங்கள்.

அடுத்தது உருட்டும் சட்டம். அதன் அறைகள் 55, 60 கிராம் பண்ணை முட்டைக்கு அளவெடுத்தவை. நாட்டுக்கோழி முட்டை 40, 45 கிராம்தான். அறையில் இடம் மிஞ்சுவதால் சட்டம் நகர்ந்தாலும் முட்டை பாதிதான் உருளும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி போட்டு வைத்து, ஒரு சுற்று முடிந்ததும் குறி மறுபக்கம் போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் தடுப்புக் குச்சிகளை நெருக்கிப் போடுங்கள். முட்டை உருளாமல் கிடந்தால் கரு ஓட்டின் உள்தோலோடு ஒட்டிச் சாகும்.

ஈரப்பதம்தான் சென்னைக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம். இரண்டு கால்வாயிலும் தண்ணீர் நிரப்பச் சொல்லும் கையேடு வறண்ட குளிர் நாட்டுக்குச் சரி. நம் ஊரில் மாசி, பங்குனியில் வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், அதே காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு வந்து நிற்கும். முதல் 18 நாளைக்கு வேண்டியதே 45 முதல் 55தான். ஆகவே ஒரு கால்வாயில் பாதித் தண்ணீர் போதும், கடலோரப் பகுதிகளில் அதுவும் தேவைப்படாமல் போகலாம். ஏசி அறையில் வைத்தால் கதை தலைகீழ்: காற்று 25 சதவீதத்துக்குக் காய்ந்துவிடும். ஏசி அறையில் வைக்கவே வேண்டாம்.

திரையில் வரும் ஈரப்பத எண்ணைவிட நம்பத்தக்கது சமையலறைத் தராசு. 18 நாளில் முட்டை ஏறக்குறைய 12 சதவீதம் எடை இழக்க வேண்டும். 42 கிராமில் வைத்த முட்டை 37 கிராமுக்கு வந்திருந்தால் சரி. 39-லேயே நின்றால் ஈரம் அதிகம். முட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை சிறுத்து, வயிறு ஊதிய குஞ்சு உள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் கட்டாயம். 20 டிகிரிக்கு மேல் சேமித்த முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பலவீனமாகும் என்பதால், நம் வெக்கையில் நான்கைந்து நாளுக்குள் இட்ட முட்டையை மட்டும் வையுங்கள். ஃபிரிட்ஜில் இருந்ததும் கழுவியதும் வேண்டாம். 7-ஆம் நாள் இருட்டில் விளக்குக்கு மேல் பிடித்துப் பார்த்தால் சிலந்தி கால் பரப்பியது போல் ரத்தக்குழாய் தெரியும். ஒன்றுமில்லாமல் வெளிச்சமாக இருந்தால் கூமுட்டை. உள்ளே ரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், விட்டால் அழுகி வெடித்து மொத்தத்தையும் கெடுக்கும்.

18-ஆம் நாள் சட்டத்தை எடுத்துவிட்டு வலைத்தட்டில் முட்டைகளைக் கிடத்தி, இரண்டு கால்வாயையும் நிரப்பி ஈரப்பதத்தை 65, 70-க்கு ஏற்றுங்கள். காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்கள், இந்தக் கட்டத்தில் குஞ்சுக்கு மூச்சுக்காற்று நிறைய வேண்டும். பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. ஓட்டில் கீறல் விழுந்து குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். பார்க்கும் ஆசையில் நடுவில் திறந்தால் ஈரம் பறந்து, உள்தோல் காகிதம் போல இறுகிக் குஞ்சைக் கட்டிப்போட்டுவிடும். முதலில் வந்த குஞ்சு பசியில் வாடுமோ என்ற கவலை வேண்டாம். வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு ஒரு நாளுக்கு மேல் தாங்கும். 19, 20-ஆம் நாளே பொரித்தால் சூடு அதிகம், 22 தாண்டினால் குறைவு; அடுத்த ஈட்டுக்கு அதற்கேற்பத் திருத்துங்கள்.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் இணைப்பு இருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ஹீட்டர் முழுதாக எரியும்போது 80 வாட் இழுக்கும் பெட்டிக்கு 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிச்சயமில்லை. அதைவிட வீட்டு இன்வெர்ட்டர் நல்லது. அதுவும் இல்லையென்றால் மேல் கம்பளி போர்த்துங்கள். இரண்டு மூன்று மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும், 40 டிகிரிச் சூட்டைத்தான் தாங்காது. அதனால் தகரக் கொட்டகையிலோ மேற்குப் பார்த்த ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். அறையே சூடாகிவிட்டால் இந்தப் பெட்டிக்குத் தன்னைக் குளிர்விக்க வழியில்லை.

பொரித்த குஞ்சுகளைச் சூடு கொடுத்து வளர்க்கும் புரூடர் இதோடு வராது, தனியாகச் செய்துகொள்ள வேண்டும். இரண்டு அங்குலம் உமி, முதல் மூன்று நாள் அதன்மேல் செய்தித்தாள், குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு. பங்குனிப் பகலில் பல்பு பெரும்பாலும் தேவைப்படாது, இரவில் போட்டால் போதும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. 7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் அடித்தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். மூடியில் தண்ணீர் படக் கூடாது. அதிலுள்ள விசிறியில் ஒட்டும் பூந்தூவலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், அதுதான் விசிறியைச் சீக்கிரம் கொல்கிறது. போனாலும் பயமில்லை. விசிறி கம்ப்யூட்டரில் இருக்கும் அதே 12 வோல்ட் வகைதான், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் அளவு பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.