டிஸ்கிராஃப்ட் அல்ட்ரா ஸ்டார் 175 கிராம்: எட்டு மாதம் எறிந்து பார்த்த பிறகு

எறிந்து விளையாடும் இந்த வட்டத் தட்டை, அதாவது டிஸ்க்கை, வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது, அதனால் தைரியமாகவே சொல்கிறேன்: டிஸ்க்கை எறிந்து பிடித்து இரண்டு அணிகள் ஆடும் அல்டிமேட் விளையாட ஆசைப்படுகிறவர்கள் இதையே வாங்குங்கள்.

நான் ஆரம்பித்தது வீட்டில் கிடந்த லேசான விளையாட்டுச் சாமான் பிரிஸ்பீயை வைத்துத்தான். கொஞ்சம் காற்று அடித்தால் போதும், நான் எறிவது ஒரு பக்கம், அது போவது ஒரு பக்கம். எனக்கு எறியவே வராது போலிருக்கிறது என்று மனம் விட்டுப்போய் ஒரு மாதம் மைதானத்துப் பக்கமே தலைவைக்கவில்லை. தவறு கையில் மட்டும் இல்லை என்பது 175 கிராம் டிஸ்க்கைப் பிடித்த பிறகுதான் புரிந்தது. எடை நிறைய விளிம்பில் இருப்பதால் சுழற்சி சீக்கிரம் குறைவதில்லை, சுழற்சி இருக்கும்வரை டிஸ்க் சாயாமல் போகும். பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவது, இரண்டே நாளில் நேராகப் போனது. கை இருக்கும் பக்கத்திலிருந்தே சுண்டி எறியும் ஃபோர்ஹேண்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அது மணிக்கட்டின் வேலை, பொறுமை வேண்டும்.

ஆனால் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் டிஸ்க்கைவிட அது கொண்டுபோய்ச் சேர்த்த விளையாட்டு. அல்டிமேட்டில் அணிக்கு ஏழு பேர், டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, பத்து எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும், எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. நடுவர் கிடையாது. உலகப் போட்டிகளில்கூட பவுல் (விதிமீறல்) நடந்ததா இல்லையா என்பதை விளையாடுகிறவர்களே பேசி முடிவு செய்கிறார்கள், ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் டிஸ்க் எறிந்தவர் கைக்கே திரும்பும், ஆட்டம் அங்கிருந்து தொடரும்.

இது சரிப்பட்டு வருமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு பந்தயத்தில் நான் எட்டிப் பிடிக்கப் போன டிஸ்க்கை எதிரணிப் பெண் ஒருவர் தட்டிவிட்டார், என் கையில் அடித்துவிட்டார் என்று நினைத்து சத்தமாக பவுல் என்றேன். அவர் கோபப்படவில்லை. கிட்டே வந்து, "நான் முதலில் டிஸ்க்கைத்தான் தொட்டேன், அப்புறம்தான் உங்கள் கை பட்டது, நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. பவுலை வாபஸ் வாங்கினேன், டிஸ்க் அவர்கள் கைக்குப் போனது. ஒரு நடுவர் இருந்திருந்தால் அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நானும் வாதாடிக்கொண்டே இருந்திருப்பேன். கேட்பதற்கு ஒரு ஆள், நேர்மையாகப் பதில் சொல்ல நான், அவ்வளவுதான் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கலந்து வட்டமாக நிற்கும், பிறகு ஒரு அணி இன்னொரு அணிக்கு மதிப்பெண் போடும். விதிகளைத் தெரிந்து நடந்தார்களா, முரட்டுத்தனம் இருந்ததா, நியாயமாக யோசித்தார்களா, தோற்கும்போதும் முகம் மலர்ச்சியாக இருந்தார்களா, பேச்சு எப்படி இருந்தது என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 வந்தாலே நல்ல அணி என்று அர்த்தம். எங்கள் அணி போன மாதம் மூன்று பந்தயங்களில் தோற்றது, ஆனால் அந்த நான்காவது தலைப்பில் 3 வாங்கியதை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓடுபொறியில் எனக்கு இருபது நிமிடம் தாண்டாது. இங்கே டிஸ்க் பின்னால் ஓடுகிறபோது நேரம் போவதே தெரியவில்லை, மாடிப்படி ஏறினால் வாங்கிய மூச்சு இப்போது வாங்குவதில்லை.

குறைகள் உண்டு. சிமெண்ட் தரையில் விழுந்தால் விளிம்பு பிசிறு பிசிறாகி விரலைக் கிழிக்கும், மெல்லிய உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், வளைந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இது கனம், கையில் பட்டால் வலிக்கும், அவர்களுக்கு இதே நிறுவனத்தின் ஜே ஸ்டார் 145 கிராம் போதும். வெள்ளை நிறம் வாங்கவேண்டாம், மேகமூட்டத்தில் வானத்தோடு கலந்துவிடுகிறது.

வரும் சனிக்கிழமை எங்களோடு ஆட புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் பழகுவதற்காகக் கடையில் இன்னொரு டிஸ்க்குக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், இந்த முறை ஆரஞ்சு.